யார் அந்த மீசைக்காரன்?

"கூட ஆடினவன் யாருன்னு மட்டும் சொல்லிடுங்க. நீங்க இங்கயே இருந்துக்கலாம்" என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

ஞாயிற்றுக்கிழமை காலை. செயலாளர் வீட்டுக் கூடத்தில் கமிட்டி மொத்தமும் கூடியிருந்தது. நடுவில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்றாவது மாடி வாடகைக்காரர். மேடையில் அவர் பெயர் ராணி. பெண் வேடம் போட்டு ஆடி, பாடி, வாயாடி, பதினெட்டு வருஷமாக வயிறு வளர்ப்பவர். வேஷத்தைக் கலைத்துவிட்டால் லேசான வழுக்கையும் மூக்குக் கண்ணாடியுமாகத் தபால் ஆபீஸ் குமாஸ்தா மாதிரி இருப்பார்.

இத்தனை நாள் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. நேற்றுச் சாயங்கால ஆட்டத்தில் யாரோ எடுத்த போட்டோ பொருளாளர் போனுக்கு வந்து, அங்கிருந்து எல்லார் போனுக்கும் போய்விட்டது. ஆட்டம் முடிந்ததும் ராணி விக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கும்பிடு போடுவது வழக்கம். சரியாக அந்த நேரத்தில் எடுத்த படம். மறுக்க வழியில்லை.

படத்தில் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, பாதி முகத்தை மறைத்த தொப்பி, கோட்டு, முறுக்கு மீசையோடு இன்னொருத்தர் நின்றார். இன்றைய பிரச்சினையே அந்த ஆள்தான்.

ஏனென்றால் வாட்ச்மேன் ஒரு விஷயம் சொல்லியிருந்தான். ஆட்டம் முடிந்து ராணி டாக்ஸியில் வந்து இறங்கியபோது, கூடவே ஒரு தொப்பிக்காரரும் இறங்கி, பின்பக்கப் படிக்கட்டு வழியாக விறுவிறுவென்று ஏறிப் போனாராம். முகம் தெரியவில்லை. ஆனால் திரும்பி வரவில்லை.

அப்படியென்றால் ஆள் இந்தக் கட்டடத்துக்காரர்.

கூடத்தில் இருந்த ஆண்கள் ஒருவர் மீசையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது மாடி இன்ஜினியர், யாரும் கேட்காமலே, நேற்று முழுக்க மச்சினர் வீட்டில் இருந்ததாகச் சொன்னார். பொருளாளர் என்றைக்குமே மீசை வைத்ததில்லை. அதனால் அவர் குரல்தான் எல்லாரையும்விட உயர்ந்திருந்தது.

செயலாளரின் மனைவி எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டு, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். இவளுக்கு ஜலதோஷம், துடைத்துத் துடைத்தே மூக்குக்குக் கீழே புண்ணாக்கிக்கொண்டாள், யாரும் கிட்டே போகாதீர்கள் என்று செயலாளர் எச்சரித்தார்.

பிறகு ராணியின் பக்கம் திரும்பினார்.

"ஒரு ஆம்பளை பொம்பளை வேஷம் போடறதே எனக்குப் பிடிக்கலை. சரி, அது உங்க பொழப்பு. ஆனா இந்தக் கட்டடத்துல ஒருத்தனை நீங்க கெடுத்து வச்சிருக்கீங்க. அவனுக்கும் குடும்பம் இருக்கும்ல? அவன் பொண்டாட்டியை நினைச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது."

அவர் மனைவிக்கு இருமல் வந்தது.

ராணி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பு ஆபரேஷன் முடிந்து அம்மா மேலே படுத்திருக்கிறாள். லிஃப்ட் இல்லாத வீட்டில் அவளைக் குடிவைக்க முடியாது. தொழில் என்னவென்று கேட்டே ஏழு வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். எட்டாவதாகக் கிடைத்தது இது. வெளியூரில் இருக்கும் இந்த வீட்டின் சொந்தக்காரர், கமிட்டி என்ன சொல்கிறதோ அதுதான் என்று கைகழுவிவிட்டார். ஒரு பெயரைச் சொன்னால் எல்லாம் தீர்ந்துபோகும்.

"ஒரே ஒரு பேர்" என்றார் செயலாளர்.

"மேடையில பக்கத்துல நிக்கறவங்களைக் காட்டிக் கொடுக்கற பழக்கம் எங்க தொழில்ல இல்லை சார்."

"தொழில் தர்மமா?" என்று பொருளாளர் சிரித்தார். "அவன் மேல அவ்வளவு பாசம் போல."

ரெண்டு மூணு பேர் கூடச் சிரித்தார்கள். ராணியின் காது சிவந்தது. மேடையில் இதைவிட மோசமாகப் பேசியவர்களையெல்லாம் ஒரே பதிலில் வாயடைக்க வைத்தவர், இங்கே உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்கம்மாவையாவது நினைச்சுப் பாருங்க" என்றார் இன்ஜினியர். அவருக்குத் தன் பெயர் அடிபடாமல் இருந்தால் போதும்.

செயலாளரின் மனைவி எழுந்தார்.

"நான் ஒண்ணு சொல்லலாமா?"

அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் ராணி சட்டென்று எழுந்துவிட்டார்.

"யாரும் எனக்காகப் பரிஞ்சு பேச வேண்டாம். நான் வீட்டைக் காலி பண்ணிடறேன் சார். ஒரு மாசம் மட்டும் டைம் கொடுங்க, அம்மா எழுந்து நடக்கட்டும்."

செயலாளர் எழுதித் தயாராக வைத்திருந்த காகிதத்தை நீட்டினார். ராணி மேஜையருகே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். திமிர் பிடித்தவன், பெற்ற தாயைத் தெருவில் நிறுத்திவிட்டு எவனையோ காப்பாற்றுகிறான் என்று பொருளாளர் சொல்ல, கூட்டம் ஆமோதித்தது.

ராணி லிஃப்டுக்காகக் காத்து நின்றார். பின்னால் வேகமாகச் செருப்புச் சத்தம் கேட்டது. மேஜையில் அவர் மறந்துவிட்டு வந்த பேனாவை நீட்டியபடி செயலாளரின் மனைவி நின்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"பேரைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே தம்பி. உங்கம்மா எங்க போவாங்க?"

"எங்கம்மாவுக்கு நான் இருக்கேன்க்கா. எப்படியும் ஒரு வீடு கிடைக்கும்."

லிஃப்ட் வந்தது. உள்ளே நுழைந்த ராணி, அவர் முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். மூடப்போன கதவைக் கையால் தடுத்துக்கொண்டு, கூடத்துக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"அடுத்த சனிக்கிழமையாவது டாக்ஸியில அவசர அவசரமா மீசையைப் பிய்க்காதீங்கக்கா. எண்ணெய் தடவி மெதுவா எடுத்தா, இப்படிப் புண்ணாகாது."