யாரும் தொடாத டார்ச்

“முதல்ல டார்ச்சைக் குடுங்க சார். கையெழுத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்” என்றாள் அவள்.

கம்பெனி அதிகாரிக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. அழுகிறவர்களிடம் காரியம் சீக்கிரம் நடக்காது. பொருளைக் கேட்கிறவர்களிடம் நடக்கும். இந்த மாதிரி வீடுகளுக்குப் பதினாறு வருடமாகப் போய் வருகிறவர் அவர். எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் சுவரில் இருக்கும் போட்டோ கண்ணில் படாது என்பதுவரை அத்துப்படி.

பூமிக்கடியில் கழிவுநீர்க் குழாய் பழுது பார்க்க இறங்கிய அவள் கணவன் மேல் மண் சரிந்து ஒன்பது நாளாகிறது. சரிந்தது காலை பதினொரு மணிக்கு. ஒரு மணிக்கே தேடலை நிறுத்தச் சொன்னவர் இந்த அதிகாரிதான். உடலை எடுத்தது நாலாம் நாள்.

‘மண் விழுந்த நொடியே உயிர் போய்விட்டது, தேடியும் பயனில்லை’ என்று மனைவி கையெழுத்துப் போட்டால் விசாரணை கிடையாது. போடாவிட்டால், அதிகாரியின் வேலை போவதோடு விஷயம் நிற்காது.

பையிலிருந்து முத்திரை ஒட்டிய உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். “பாருங்கம்மா, மண்ணுகூடத் துடைக்கலை. அவர் கையில இருந்தது இருந்தபடியே உறையில போட்டு ஒட்டிட்டோம்.”

அவள் உறையைப் பிரித்தாள். காய்கறி வாங்குகிறவள் மாதிரி டார்ச்சைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“எரியலை.”

“சார்ஜ் தீர்ந்திருக்கும்மா.”

“முழுசா ஏத்தித்தான் குடுத்தேன். நாலு பச்சைப் புள்ளியும் எரிஞ்சாத்தான் ஒயரைப் பிடுங்குவேன்.” குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “தீர்ந்தா அன்னைக்கே ஏத்தணும். அப்படியே போட்டு வெச்சா பேட்டரி செத்துப் போயிடும்.”

வாசற்படியில் நின்ற கொழுந்தன் அந்த வார்த்தையைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. சார்ஜ் ஏறும் இடத்தில் ஒட்டியிருந்த மண்ணை மட்டும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு ஒயரைச் செருகினாள். சிவப்பு விளக்கு மினுக்கியது.

“புதுசே ஒண்ணு வாங்கித் தரச் சொல்றேம்மா.”

“வேண்டாம். இதுவே போதும்.”

“அண்ணி, அண்ணன் போனதைவிட டார்ச்சு பெருசாப் போச்சா? கையெழுத்தைப் போட்டு சாரை அனுப்புங்க” என்றான் கொழுந்தன்.

“இரு தம்பி. பொருளைக் கையில வாங்குறப்பவே பாத்துக்கணும். அப்புறம் கேட்டா, கடைக்காரன் உன்னை யாருன்னு கேப்பான்.”

அதிகாரி உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினார். சில்லறைக் குறை சொல்லத் தொடங்கிவிட்டால் பேரம் படிந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் பேசவிட்டால் போதும்.

“ரெண்டு விதமா எரியுமாம்மா இது?” என்று ஒப்புக்குக் கேட்டார்.

“ஆமா சார். முழு வெளிச்சம் மூணு மணி நேரம் நிக்கும். கொஞ்சமா வெச்சா ஒரு நாள் தாங்கும். குழாய்க்குள்ள எப்பவும் முழுசுதான். வீட்டுல கரண்ட் போனா கொஞ்சமா வெப்பாரு. சும்மா உக்காந்திருக்க எதுக்கு அவ்வளவு வெளிச்சம்பாரு.”

“சிக்கனமான மனுஷன். என்ன செய்றது, ஒரே நொடி. அவருக்கே தெரிஞ்சிருக்காது.”

“சரி சார். டார்ச்சு கம்பெனியோடது. நாளைக்கு யாராவது வந்து, நீதான் திருகிக் கெடுத்தேன்னு என்னைக் கேட்டா?”

“யாரு கேப்பா?”

“கேட்டா? எடுத்ததுலேருந்து யாரும் தொடலை, திருகலைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நானும் உங்க பேப்பரைப் பாக்குறேன்.”

இவ்வளவுதானா என்று அதிகாரி பேனாவைத் திறந்தார். ‘இறந்தவர் கையில் இருந்த நிலையிலேயே முத்திரையிடப்பட்டது. யாரும் தொடவோ திருகவோ இல்லை’ என்று எழுதி, தேதி போட்டு, வளைத்து வளைத்துக் கையெழுத்திட்டார். சாட்சிக்குக் கொழுந்தனையும் போடச் சொன்னார். அவள் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

“இப்ப நீங்க போடுங்கம்மா” என்று தன் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

டார்ச்சில் முதல் பச்சைப் புள்ளி வந்திருந்தது. அவள் பேனாவைத் தொடாமல் ஒயரைப் பிடுங்கினாள். சுவிட்ச் போட்டபடியே இருந்த டார்ச் தானாக எரிந்தது. மேஜையைத் தாண்டாத மங்கலான வெளிச்சம்.

“பாத்தீங்களா, உயிரோட இருக்கு! வெளிச்சம்தான் கொஞ்சம் மட்டு.”

“மட்டு இல்ல சார். கொஞ்சத்துல வெச்சிருக்கு.” டார்ச்சின் கழுத்திலிருந்த வளையத்தைத் தொடாமல் விரலால் காட்டினாள். அது கொஞ்ச வெளிச்சத்துக்கான சின்னப் புள்ளிக்கு நேராக நின்றது. “கெட்டி வளையம். கையால திருகினாத்தான் நகரும்.”

அதிகாரியின் பார்வை, தான் எழுதிக் கையெழுத்திட்டு அவள் மடியில் இருந்த தாளுக்குப் போனது.

அவள் டார்ச்சை அணைத்தாள்.

“ஆள் வரும்னு நம்பியிருக்காரு, சார்.”