நாலாவது கூண்டு

நாற்பது கிலோ மூலிகை இலையைக் காயவைத்து, இடித்து, ஊறவைத்து, வடித்துப் பிரித்ததில் கடைசியாகக் கிடைத்தது, சுண்டுவிரல் அளவுக் குப்பியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. ஜெபமலரின் நான்கு வருட ஆராய்ச்சி முழுவதும் அந்தக் குப்பிக்குள்தான் இருந்தது. அதை மதிப்பிட, பதினோரு மணிக்கு ஆய்வுக் குழு வருகிறது. பத்தரைக்கு எலிகளின் வீங்கிய பாதங்களை அளந்தாள். அந்த மருந்துப் பொடி கொடுத்த மூன்று கூண்டுகளிலும் வீக்கம் வடிந்திருந்தது. வெறும் தண்ணீர் மட்டும் கொடுத்த நாலாவது கூண்டைத் திறந்து இரண்டு முறை அளந்தாள். அங்கேயும் வடிந்திருந்தது!

"பிச்சையாண்ணே! இதுங்களுக்கு என்ன குடுத்தீங்க?"

கூண்டு கழுவும் பிச்சையா தலையைச் சொறிந்தார். "எல்லாத்துக்கும் ஒரே வீக்கம். இதுங்களை மட்டும் தண்ணியைக் காட்டி ஏமாத்துனா பாவம் இல்லியாம்மா? அதான் அந்தப் பொடியில கொஞ்சம்..."

"ஐயோ, இதுங்களுக்கு வடியவே கூடாதுண்ணே! அப்பத்தானே மருந்து வேலை செஞ்சுதுன்னு காட்ட முடியும்?"

மறுபடி செய்து பார்த்துவிடலாம் என்று குப்பியை எடுத்தாள். காலி.

"மிச்சம் எங்க?"

பிச்சையா மெல்லப் பின்வாங்கினார். வாசலைத் தாண்டி, படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். வருடக்கணக்காக முட்டி வீங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக முனகி இறங்குகிற மனுஷன்!

எதிரே மூச்சு வாங்க ஏறிவந்த ஆய்வுக் குழு, சுவரோடு ஒட்டி அவருக்கு வழிவிட்டது. ஜெபமலர் அளவு நாடாவோடு பின்னாலேயே ஓடினாள்.

"நில்லுங்கண்ணே! முட்டியைக் காட்டுங்க!"