அணைக்காமல் மாற்றுவது

தண்ணீரைச் சோதிக்கும் இயந்திரத்தின் பின்மூடியிலிருந்த நான்கு திருகுகளையும் கழற்றி, கைக்குட்டைமேல் வரிசையாக வைத்தாள்.

இயந்திரத்தை அணைக்கவில்லை. அணைக்கக் கூடாது.

உள்ளே காசளவில் பழைய பேட்டரி. அது ஓயப்போகிறது என்று ஒரு வாரமாகத் திரை சொல்லிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் புதியதை வைக்கும்வரை, இயந்திரத்தின் நினைவைச் சுவரிலிருந்து வரும் மின்சாரம் மட்டுமே தாங்கும். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் அழியும்.

எல்லாம் என்றால், ஜெபராஜ் பதிந்துவைத்த அளவுகள். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு ஃப்ளூரைடு என்று இயந்திரம் சொல்வது அவற்றை வைத்துத்தான். மூன்று வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்தவன். ஜூனில் ஊட்டிக்கு மாற்றலாகிப் போய்விட்டான்.

அழிந்தால், அவன்தான் நேரில் வந்து மறுபடி பதிய வேண்டும்.

அப்படி நினைத்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

மேலே விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

பிளாஸ்டிக் இடுக்கியை எடுத்தாள். தூங்கும் குழந்தையின் கொலுசைக் கழற்றுவதுபோல் பழையதை வெளியே எடுத்தாள்.

சிறிய, வெறும் பள்ளம்.



புதியது மெல்லிய ஓசையோடு உட்கார்ந்தது.

மூடியைப் பொருத்தினாள். இப்போது அணைத்தாள். பத்து வரை எண்ணிவிட்டு மீண்டும் போட்டாள்.

திரை விழித்தது. அந்த அளவுகளுக்கு ஜெபராஜ் வைத்த பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. இரும்புக்குக் கீரை. குளோரினுக்கு நீச்சல்குளம். ஃப்ளூரைடுக்குப் பல்லு. மேலதிகாரி ஆய்வுக்கு வந்த அன்று இந்தப் பெயர்களை மறைக்க இருவரும் பட்ட பாடு.

ஒன்றுகூட அழியவில்லை.

இன்று பேட்டரி மாற்றப்போவதாக அவனிடம் காலையிலேயே சொல்லியிருந்தாள். போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"என்ன மேடம், என் புள்ளைங்க எல்லாரையும் தொலைச்சிட்டீங்களா?"

"அதெல்லாம் இல்ல. எல்லாம் பத்திரமா இருக்கு."

மறுமுனையில் மழை பெய்யும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணுகூடவா போகல?"

அவள் திரையைப் பார்த்தாள். மூன்றாவது வரியில் பல்லு பளிச்சென்று இருந்தது.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"பல்லு மட்டும் காணோம்," என்றாள்.