பிய்ந்த ஷூ

அந்தப் பூங்காவில் நடந்துகொண்டே இருக்கும் பெண்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. உட்கார்ந்தால்தான் வாட்ச்மேன் வந்துவிடுவார்: “யாருக்கும்மா வெயிட் பண்றீங்க?” அதனால் எஸ்தர் வருடக்கணக்கில் அந்தப் புங்கமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாளே தவிர, அதன் நிழலில் உட்கார்ந்ததில்லை. இன்று ஷூவின் அடிப்பாகம் பிய்ந்து தொங்கியது. உட்கார்ந்தாள். வாட்ச்மேன் வந்தார். வாய் பிளந்த ஷூவைத் தூக்கிக் காட்டினாள்.

“சரி, உட்காருங்க.”

போய்விட்டார். மரத்தில் முதுகைச் சாய்த்ததும் பெருமூச்சு தானாக வந்தது. வெறுங்காலுக்குப் புல் குளிர்ந்தது.

பின்னால் நடந்துவந்த கோமளவல்லி நின்றாள். “என்னக்கா ஆச்சு?”

“ஷூ பிஞ்சிடுச்சு.”

அவள் வாட்ச்மேன் போன திசையைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் அமர்ந்து தன் புத்தம்புது ஷூவைக் கழற்றி நீட்டினாள்.

“அடிப்பாகத்தை அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிச்சு, பிய்யற மாதிரி இழுங்கக்கா.”