வெளிவராத கச்சேரி

படாரென்று கதவு சுவரில் மோதியது. இன்ஸ்பெக்டர் வாய்க்குக் கொண்டுபோன டீயில் பாதி சட்டையில் இறங்கியது.

“திருடனைப் பிடிச்சிட்டோம் சார்!”

கத்தியவருக்கு எழுபது வயதிருக்கும். தலையில் நாலே முடி. அதையும் தோள்வரை வளர்த்திருந்தார். என்றோ கலைந்துபோன ஒரு ராக் குழுவின் ரசிகர் மன்றத் தலைவராம். கூடவே மன்றச் செயலாளரான ஒரு அம்மாள். பகலில் நூலகர், இப்போது மண்டையோட்டுப் படம் போட்ட டி-ஷர்ட்டில். இருவருக்கும் நடுவில், காலர் கசங்கி, திருதிருவென்று விழித்தபடி ஒரு ரேடியோ மெக்கானிக்.

“என்னத்தைத் திருடினான்?”

தலைவர் கைக்குட்டையைப் பிரித்து, கைக்குழந்தையைக் கிடத்துவது போல ஒரு பழைய கேசட்டை மேஜைமேல் வைத்தார்.

“எங்க குழுவோட வெளிவராத கச்சேரி சார். கோட்டுக்குள்ள மைக்கை ஒளிச்சுவெச்சு நானே பதிவு பண்ணது. உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி வீட்டுப் பூட்டை உடைச்சுத் தூக்கிட்டாங்க. இதே ஸ்டேஷன்லதான் புகார் கொடுத்தேன்.”

“நேத்து இந்தாள் கடையில நான்தான் வாங்கினேன்” என்றார் நூலகர். “போட்டுக் காட்டினதும் தலைவர் தேம்பித் தேம்பி அழுதுட்டார்.”

“பழைய சாமானோட வந்தது சார்” என்றான் மெக்கானிக்.

“யார் கொடுத்தா?”

மெக்கானிக் தன் செருப்பைப் பார்த்தான். இன்ஸ்பெக்டருக்கு அதுவே போதும். ஆனால் கோர்ட்டுக்குப் போதாதே.

“இது அதே கேசட்தான்னு எப்படிச் சொல்றீங்க?”

இதற்காகவே காத்திருந்தவர் போல நூலகர் பையிலிருந்து டேப் ரெக்கார்டரை எடுத்து, கேசட்டைப் போட்டுத் தட்டிவிட்டார். அறை அதிர்ந்தது. லாக்கப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஜேப்படிக்காரன் விருட்டென எழுந்து உட்கார்ந்தான்.

“இந்த இரைச்சல் முடிஞ்சப்புறம் பாட்டு வருமா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இதுதான் சார் பாட்டு!” என்றார் நூலகர். “கிட்டார் சுருதி அரைக்கட்டை கீழ இருக்கு, கவனிச்சீங்களா? ஒரே ஒரு வருஷம்தான் அப்படி வாசிச்சாங்க. பாடகருக்கு மூக்கடைப்பு, அப்படின்னா குளிர்காலக் கச்சேரிப் பயணம். பின்னாடி மழை, தகரக் கூரை. அந்தப் பயணத்துல தகரக் கூரை போட்ட அரங்கம் ஒண்ணே ஒண்ணுதான். தேதியே சொல்லிடலாம் சார்!”

“முன் வரிசையில உட்கார்ந்திருந்தேன்” என்று தலைவர் மூக்கை உறிஞ்சினார். “இப்ப ஒருத்தன் விசிலடிப்பான் பாருங்க... அடிச்சான்! என் பக்கத்து சீட்டு சார் அவன்!”

மெக்கானிக் வாயைப் பிளந்து அவரையே பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் பழைய கோப்பைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். ‘கேசட் ஒன்று’ என்று தெளிவாகவே இருந்தது. அவருக்கு உற்சாகம் பிறந்தது. பதினோரு வருட வழக்கு பத்தே நிமிடத்தில் முடிகிறதென்றால் சும்மாவா?

“சாட்சி ரெண்டு பேரு, பொருள் மேஜைமேல, புகார் என் கையில. பூட்டை உடைச்சுத் திருடினதுக்கு அஞ்சு வருஷம் நிச்சயம். உன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பு, போர்வை ஏதாவது கொண்டுவரட்டும்.”

மெக்கானிக் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“சார்... ஏமாத்து வேலைக்கு எத்தனை வருஷம்?”

“அதுக்கு ஆறு மாசம். உனக்கெதுக்கு அது?”

“அப்ப அதையே எழுதிக்கோங்க சார். பாடினது நான், கிட்டார் என் மச்சான். போன மாசம், எங்க வீட்டுக் குளியலறையில.”