பேசிக்கொண்டே ஓடும் வேகம்

என் ஓட்டப் பயிற்சியாளரை நான் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் போனில்தான். ஓடிய நிமிடங்களைச் சிரமத்தின் மதிப்பெண்ணால் பெருக்கி, அன்றைய சுமையைத் தினமும் அனுப்புவேன். நாற்பது நிமிடம், பத்துக்கு மூன்று சிரமம் என்றால் நூற்றிருபது. மூன்று என்பது மூச்சிரைக்காமல் பேச முடிகிற வேகம். அதைச் சரிபார்க்க, ஓடிக்கொண்டே ஒரு நிமிடம் பேசிப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லியிருந்தார். பேச ஆளில்லாததால் வாங்கவேண்டிய சாமான்களைச் சொல்லிக்கொண்டே ஓடுவேன். ஒருத்திக்கு என்ன பெரிய பட்டியல், அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து சொல்வேன்.

என் கணவர் இருந்தவரை ஒருநாளும் ஓட வந்ததில்லை. எழுப்பினால் போர்வைக்குள்ளிருந்தே, "நாளைக்கு வர்றேன்" என்பார். பதினோரு வருஷமும் அதே பதில்தான். அவர் இறந்து எட்டு மாதமாகிறது.

செவ்வாய்க்கிழமை பயிற்சியாளர் கூப்பிட்டார்.

"உங்க மூச்சு நல்லாயிருக்கு மேடம். கூட ஓடி வர்றவருக்குத்தான் ரொம்ப இரைக்குது. ஓட்டத்துக்குப் புதுசா? அவருக்காகக் கொஞ்சம் மெதுவாப் போங்க."

பதிவை நான்கு முறை போட்டுக் கேட்டேன். என் குரலும் என் காலடியும் மட்டும்தான் இருந்தன.

மறுநாள் கிட்டத்தட்ட நடக்கிற வேகத்தில் ஓடினேன். ஒவ்வொரு சாமானுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டேன்.

மாலையில் பயிற்சியாளர் கூப்பிட்டார்.

"இப்ப சரியா இருக்கு மேடம். அவராலயும் பேச முடியுது."

"என்ன பேசுறாரு?"

"நாளைக்கும் வர்றேங்கிறாரு."