ஆறரை மணிச் சங்கு

என்னை வேலைக்கு நேர்காணல் செய்யப்போகும் அம்மாளின் முகம் திரையில் வருவதற்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. சங்கு ஊதுவதற்கும் இரண்டே நிமிஷம்தான்.

ஐந்தரை மணிக்கே நான் தயார். தலை வாரி, காதோரம் பூச் செருகி, லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாயிற்று. அந்த அம்மாள் இருக்கும் ஆக்லாந்து நகரத்தில் ஐந்தரை என்றால் எங்கள் சவாயித் தீவிலும் ஐந்தரை என்றே நினைத்திருந்தேன். போன வாரம்வரை அப்படித்தான். கோடை முடிந்ததென்று நேற்று அவர்கள் தங்கள் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டது, ஐந்தரைக்குத் திரையில் யாரும் வராதபோதுதான் தெரிந்தது.

படகு நேரம் பார்க்க இந்தத் தீவுக்கே செயலி எழுதிக் கொடுத்தவள் நான். என் நேர்காணலுக்கு நேரம் பார்க்கத் தெரியவில்லை.

"ஐயோ, அப்ப இங்க ஆறரையா!" என்று நான் அலறியது வீடு முழுக்கக் கேட்டது. தூணும் கூரையும் மட்டுமே உள்ள, சுவரே இல்லாத எங்கள் ஊர் வீட்டில் எதைத்தான் மறைக்க முடியும்.

சாயங்காலம் ஆறரைக்கு எங்கள் ஊரில் சங்கு ஊதும். ஊதிவிட்டால் ரோட்டில் ஈ காக்கை நடமாடாது. அவரவர் வீட்டில் ஜெபம், அது முடிந்தபிறகுதான் சாப்பாடு. மறுபடி ஊதும்வரை வேறு பேச்சு கூடாது. மீறினால் ஊர்ச்சபை அபராதம் போடும். டின் மீன் பத்துப் பெட்டி, அல்லது ஒரு பன்றி.

ஊதுகிறவர் என் அப்பா. இருபத்திரண்டு வருஷமாக ஒரு நிமிஷம்கூடத் தவறியதில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் போதகரே தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்.

வேறு நாள் கேட்டிருக்கலாம். ஆனால் போன வாரம் மழையில் இணைப்பு அறுந்து ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போயிற்று. பட்டம் வாங்கிய நான்கு பேர் எனக்குப் பின்னால் நிற்கிறார்கள். இன்னொரு முறை தள்ளிவைக்கக் கேட்டால் இந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

காதை முழுதாக மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கர்த்தர் மன்னிப்பார். அப்பாதான் சந்தேகம்.

திரையில் வந்த அம்மாளுக்கு ப்ரான்வின் என்று பெயர். நரைத்த தலை, சிரித்த முகம். எந்தக் கல்லூரி என்று கேட்டாள்.

எதுவும் இல்லை என்றேன். பன்னிரண்டாவதிலேயே கணக்கில் கோட்டை விட்டவள். படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறேன். ஒரு படகு போய் அடுத்த படகு வருவதற்குள், சித்தி அனுப்பிய பழைய லேப்டாப்பில் நானாகக் கற்றுக்கொண்டது எல்லாம். நான் புரோகிராமைத் தப்பாக எழுதுவேன், அது திட்டும், திருத்துவேன், மறுபடி திட்டும். ஐந்து வருஷமாக இதுதான் எங்கள் குடித்தனம். அந்தப் பெட்டியையே கல்யாணம் பண்ணிக்கொள் என்று அப்பாகூடச் சொல்லிவிட்டார்.

ப்ரான்வின் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

திரையின் ஓரத்தில் என் முகம் தெரியும் சின்னக் கட்டத்தில், முதுகுக்குப் பின்னால் இருந்த ரோடும் தெரிந்தது. சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் யாரும் இல்லை. எதிர்வீட்டில் எல்லாரும் சம்மணமிட்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

ஊதியாயிற்று. நான் குரலைத் தாழ்த்தினேன்.

அதோடு விட்டதா? பெரியப்பா மகன் நிகோதெமோ வந்து என் பின்னால் நின்றான். சங்கு நேரத்தில் ரோட்டைக் காவல் காப்பவன். மீறியவர்கள் பெயரைச் சபையில் சொல்வது அவன் வேலை. கட்டத்தில் அவன் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. நகரவே இல்லை. எண்ணிக்கொள்ளடா, நான் எத்தனை வார்த்தை பேசுகிறேன் என்று நன்றாக எண்ணிக்கொள் என்று மனதுக்குள் திட்டினேன்.

நாளைக்கு ஊர்ச்சபையில் அப்பா தலை குனிந்து நிற்பார். சங்கு ஊதுகிறவர் வீட்டிலேயே சங்குக்கு மரியாதை இல்லை என்பார்கள்.

"உங்க ஊர் எவ்வளவு அமைதியா இருக்கு!" என்றாள் ப்ரான்வின். "எங்க தெருவுல நாய் குரைக்காம நான் ஒருத்தர்கிட்டயும் பேசி முடிச்சதில்ல."

"இது ஜெப நேரம். இப்ப யாரும் பேசக் கூடாது."

"நீங்க?"

"நானுந்தான்."

அவள் தன் விசைப்பலகையை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அப்ப பேச வேண்டாம். புரோகிராம் கணக்கு ஒண்ணு அனுப்பறேன், எழுதிக் காட்டுங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

நாற்பது நிமிஷம் வாயைத் திறக்காமல் எழுதினேன். நடுவில் ஒரு தப்பு. என் லேப்டாப் வழக்கம்போலத் திட்டியது. வழக்கம்போலத் திருத்தினேன். அதைப் பார்த்துத்தான் அவள் முகம் மலர்ந்தது என்று இப்போதும் நம்புகிறேன். முடிவை வெள்ளிக்கிழமை சொல்வதாக எழுதிவிட்டுக் கையசைத்தாள்.

ஏழேகால். லேப்டாப்பை மூடி ஹெட்போனைக் கழற்றினேன். பாட்டுச் சத்தம் ஏதும் இல்லை. ஜெபம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. பன்றி போனது போனதுதான்.

திரும்பினேன். நிகோதெமோ வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். அவன் கக்கத்தில் எங்கள் வீட்டுச் சேவல். அதன் அலகை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்திருந்தான்.

எதிர்வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் பாட்டுப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். "மன்னிச்சிடுங்கப்பா. காதுல இதை மாட்டியிருந்தேன். நீங்க சங்கு ஊதினது கேக்கல."

"ஊதினாத்தானே கேக்கும்," என்றார் அப்பா. "முடிச்சிட்டியா இல்லியா, அதைச் சொல்லு. ஊரே பசியோட உக்காந்திருக்கு."